எஸ்தோனியாவின் 1992: புதுப் பணம், புது அரசியலமைப்பு, முதல் தேர்தல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்தோனியா பால்டிக் கடலோரத்தில் இருக்கும் சிறிய நாடு. பரப்பு ஏறத்தாழ 45,000 சதுர கிலோமீட்டர். 1992-ல் மக்கள் தொகை சுமார் 15 லட்சம். அந்த ஒரே ஆண்டில் அங்கே ஓர் அரசு பதவி விலகியது, சொந்த நாணயம் வந்தது, அரசியலமைப்பு வாக்கெடுப்பில் நிறைவேறியது, நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது, குடியரசுத் தலைவர் பதவியேற்றார், மூன்று பெரிய வங்கிகள் முடங்கின. அந்த ஆண்டைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

சுதந்திரம் 1991-லேயே வந்துவிட்டதே, 1992-க்கு என்ன மிச்சம் இருந்தது?

மூன்று தேதிகளைப் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. எஸ்தோனியக் குடியரசு முதன்முதலில் அறிவிக்கப்பட்டது 1918 பிப்ரவரி 24. சோவியத் ஆக்கிரமிப்பு 1940-ல். மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்துகொண்டிருந்தபோது சுதந்திரத்தை மீட்டதாக அறிவித்தது 1991 ஆகஸ்ட் 20. சோவியத் ஒன்றியம் அதைச் செப்டம்பர் 6-ல் ஏற்றது, 17-ல் ஐ.நா. உறுப்புரிமையும் கிடைத்தது.

ஆனால் 1992 பிறந்தபோது கடைகளில் புழங்கியது ரூபிள்தான். அதை அச்சடிக்கும் உரிமை மாஸ்கோவிடம் இருந்தது. நாடாளுமன்றமாக இருந்து ஆட்சி நடத்திய உச்ச மன்றம் சோவியத் காலத்தில், 1990-ல், தேர்ந்தெடுக்கப்பட்டது. நடைமுறையில் அரசியலமைப்பு இல்லை. குடிமக்கள் யார் என்பதற்கே சட்டம் இல்லை. ரஷ்யப் படைகளும் உள்ளேயே இருந்தன. அவை வெளியேறியது 1994 ஆகஸ்ட் 31-ல். அறிவிப்பில் மட்டும் இருந்த நாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆண்டு 1992.

ஜனவரியில் அரசு ஏன் விலகியது?

ரஷ்யா அந்த மாதம் விலைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த எரிபொருளும் மூலப்பொருளும் குறைந்தன, விலையும் ஏறியது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் எல்லாம் நகரின் பொது வெந்நீர்க் குழாயை நம்பியவை. எரிபொருள் வராவிட்டால் ஒரு வீடு இரண்டு வீடு அல்ல, ஒரு பகுதி முழுக்கக் குளிரில் உறையும். சர்க்கரைக்குப் பங்கீட்டுச் சீட்டு நடைமுறையில் இருந்தது.

பிரதமர் எத்கர் சவிசார் பொருளாதார நெருக்கடி நிலைக்கான சிறப்பு அதிகாரம் கேட்டார். மன்றம் அதைக் கொடுத்தாலும், கொடுத்த ஆதரவு மிக மெலிதாக இருந்ததால் ஜனவரி 23-ல் விலகினார். வாரம் திரும்புவதற்குள் தீத் வாஹி தலைமையில் இடைக்கால அரசு அமைந்தது. தேர்தல் வரை நாட்டைக் கொண்டுபோவதும் நாணயத்தைக் கொண்டுவருவதுமே அந்த அரசின் வேலை.

சொந்தப் பணத்துக்கு ஏன் அவ்வளவு அவசரம்?

இரண்டு காரணங்கள், இரண்டும் அன்றாடத்தைத் தொட்டவை. விலைவாசி 1992-ல் பத்து மடங்குக்கு மேல் ஏறியது. அதே சமயம் ரூபிள் தாளுக்கே தட்டுப்பாடு. விலை ஏற ஏறச் சம்பளத்துக்கு இன்னும் அதிகத் தாள்கள் வேண்டும். மாஸ்கோ போதிய அளவு அனுப்பவில்லை. தொழிற்சாலையின் கணக்கில் பணம் இருக்கும், சம்பளப் பட்டுவாடா நாளில் கொடுக்கத் தாள் இருக்காது. பணவீக்கமும் பணத் தட்டுப்பாடும் ஒன்றாக வருமா என்று கேட்பவர்கள் உண்டு. அச்சகம் வேறொரு நாட்டில் இருந்தால் வரும்.

பணமாற்றத்துக்கு எப்படித் தயாரானார்கள்?

மூன்று பேர் கொண்ட நாணயச் சீர்திருத்தக் குழு முடிவெடுத்தது: பிரதமர் வாஹி, மத்திய வங்கியான ஈஸ்தி பாங்கின் தலைவர் சீம் கல்லாஸ், ஸ்வீடனில் வங்கியியல் அனுபவம் பெற்ற எஸ்தோனியர் ருடால்ஃப் யாலகாஸ். குழுவின் ஆணைக்குச் சட்ட வலு இருந்தது. உச்ச மன்றம் மே 20-ல் மூன்று சட்டங்களை ஒன்றாக நிறைவேற்றியது. ஒன்று நாணயத்துக்கு, ஒன்று நாணயத்தின் பின்பலத்துக்கு, ஒன்று அந்நியச் செலாவணிக்கு. மே 26-ல் எஸ்தோனியா பன்னாட்டு நாணய நிதியத்தில் சேர்ந்தது.

பக்கத்து நாடுகள் வேறு வழியில் போயின. லாத்வியா முதலில் லாத்விய ரூபிள் என்ற இடைக்காலப் பணத்தை விட்டது. லிதுவேனியா தலோனாஸ் என்ற சீட்டை விட்டது. இரண்டும் 1993-ல்தான் நிலையான நாணயத்துக்கு வந்தன. எஸ்தோனியா இடைக்கால ஏற்பாடே வேண்டாம் என்று நேரே க்ரோன் என்ற சொந்த நாணயத்துக்குப் போனது. இடைக்காலப் பணத்தின் சிக்கல் அதன் பெயரிலேயே இருக்கிறது: நாளைக்குப் போய்விடும் என்று தெரிந்த பணத்தை யாரும் கையில் வைத்திருக்க மாட்டார்கள், கிடைத்தவுடன் செலவழிப்பார்கள், அதனாலேயே விலை ஏறும். எஸ்தோனியா எடுத்தது துணிந்த முடிவு, சரியான முடிவும்கூட.

ஜூன் 20-ல் நடந்தது என்ன? ஒருவர் எவ்வளவு மாற்ற முடிந்தது?

ஜூன் 20 சனிக்கிழமை முதல் க்ரோன் மட்டுமே செல்லுபடியாகும் பணம். மாற்றிக்கொள்ள மூன்று நாள், 22 திங்கள் வரை. மறுநாள் 23 வெற்றி நாள், 24 யானிபாய்வ் என்ற நடுக்கோடைப் பெருவிழா. ஆக, அந்த ஆண்டு விழாச் சாமான்களை வாங்கியது புதுப் பணத்தில்.

முறை இதுதான். மாற்றுவதற்கு முன்கூட்டியே பட்டியலில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். அடையாள ஆவணத்தோடு தமக்குரிய மையத்துக்குப் போக வேண்டும். ஆளுக்கு 1,500 ரூபிள் வரை, 10 ரூபிளுக்கு 1 க்ரோன். அதாவது அதிகபட்சம் 150 க்ரோன். அன்றைய மதிப்பில் 18.75 ஜெர்மன் மார்க். குடியுரிமை இங்கே அளவுகோல் இல்லை. நாட்டில் பதிவுபெற்று வசிப்பவர் எல்லோருக்கும் ஒரே அளவு.

1,500-க்கு மேல் கையில் ரொக்கமாக இருந்தவர்களுக்குத்தான் அடி. மிச்சத்துக்கு விகிதம் 50-க்கு 1. வங்கிக் கணக்கில் இருந்த சேமிப்போ 10-க்கு 1 என்றே மாறியது. ஒரே தொகை, தலையணைக்கு அடியில் இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு, கணக்கில் இருந்தால் முழுசு. வரம்பு வைத்ததற்குக் காரணம் எல்லைக்கு அப்பால் இருந்த ரூபிள். அளவில்லாமல் மாற்றலாம் என்று விட்டிருந்தால் மற்ற குடியரசுகளிலிருந்து ரூபிள் மூட்டை மூட்டையாக வந்து, புது நாணயம் முதல் வாரத்திலேயே நீர்த்துப்போயிருக்கும்.

8 க்ரோன் = 1 மார்க். இந்த விகிதத்தை எது பிடித்து வைத்தது?

நாணய வாரியம் என்ற ஏற்பாடு. ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். தார்த்து நகரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலை ஜெர்மனிக்கு விற்று 1,000 மார்க் கொண்டுவருகிறது. அதன் வங்கி அந்த மார்க்கை ஈஸ்தி பாங்கிடம் கொடுத்தால் 8,000 க்ரோன் கிடைக்கும். நாட்டில் புதிதாக க்ரோன் பிறக்க இதுதான் வழி. யாராவது வெளிநாட்டுச் சரக்கு வாங்க 8,000 க்ரோனைக் கொடுத்து 1,000 மார்க் கேட்டால், ஈஸ்தி பாங்க் கொடுத்தாக வேண்டும். அந்த 8,000 க்ரோன் புழக்கத்திலிருந்து போய்விடும். வெளியில் விட்ட பணம் முழுமைக்கும் தங்கமோ அந்நியச் செலாவணியோ பின்பலமாக இருந்தே ஆக வேண்டும்.

இதன் மறுபக்கம்தான் முக்கியம். அரசுக்குப் பற்றாக்குறை வந்தால் மத்திய வங்கியிடம் கடன் வாங்க முடியாது. மத்திய வங்கி நினைத்தாலும் க்ரோனின் மதிப்பைக் குறைக்க முடியாது. அதற்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். அப்படி ஒரு சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்த நிமிடமே எல்லோரும் மார்க் வாங்க ஓடுவார்கள் என்பதால், அந்தக் கதவை யாரும் திறக்கத் துணியமாட்டார்கள் என்பதே கணக்கு. ஆள்பவர்கள் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். ரூபிள் கரைந்துபோவதைக் கண்ணால் பார்த்த மக்கள் ஒரு புதுத் தாளை நம்புவதற்கு வேறு எந்த வாக்குறுதியும் போதுமானதாக இருந்திருக்காது.

அந்த விகிதம் கடைசிவரை மாறவில்லை. 2011 ஜனவரி 1-ல் எஸ்தோனியா யூரோவுக்கு மாறியபோது ஒரு யூரோ 15.6466 க்ரோன். ஒரு யூரோ 1.95583 மார்க், அதை எட்டால் பெருக்கினால் வருவது அதே எண். 1992-ல் வைத்த எட்டு பதினெட்டரை ஆண்டு நின்றது.

விகிதம் நிலையாக இருந்தும் விலை ஏன் ஏறியது?

பலரும் தடுமாறும் இடம். க்ரோனை வேண்டுமென்றே மலிவான விலையில் கட்டினார்கள். மார்க் கணக்கில் எஸ்தோனியச் சம்பளமும் உள்நாட்டு விலையும் மிகத் தாழ்வாக இருந்தன. ஏற்றுமதிக்கு அது வசதி. ஆனால் விகிதம் அசையாதபோது, அந்த இடைவெளியை விலைதான் ஏறி நிரப்ப முடியும். 1993-லும் விலைகள் ஏறத்தாழ 90 சதவீதம் உயர்ந்தன. நாணயம் தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த விளக்கம் ஆறுதல் தந்திருக்காது. சீர்திருத்தத்தின் சுமை அதிகம் விழுந்தது முதியவர்கள் மேல், இதை ஒளிக்க வேண்டியதில்லை.

பின்பலத்துக்குத் தங்கம் எங்கிருந்து வந்தது?

1940-க்கு முன் எஸ்தோனிய மத்திய வங்கி வெளிநாடுகளில் வைத்திருந்த தங்கம் ஏறத்தாழ 11 டன். பிரிட்டன் தன்னிடம் இருந்த பங்கை 1960-களின் இறுதியில் விற்று, சோவியத் ஒன்றியத்துடன் இருந்த கணக்கு வழக்குக்குப் பயன்படுத்தியிருந்தது. ஸ்வீடன் 1940-லேயே சோவியத்திடம் கொடுத்துவிட்டது. 1992-ல் இரு நாடுகளும் ஈடு செய்தன. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய சேமிப்பு, புது நாணயத்தின் முதல் அடித்தளமானது. போதாததற்கு அரசுக் காடுகளின் ஒரு பகுதியையும் ஈடாக எழுதி வைத்தார்கள்.

அரசியலமைப்பை எழுதியவர்கள் யார்?

60 பேர் கொண்ட அரசியலமைப்பு அவை. 1991 செப்டம்பரில் தொடங்கி 1992 ஏப்ரலில் முடித்தது. உச்ச மன்றத்திலிருந்து 30 பேர், எஸ்தோனியக் காங்கிரஸிலிருந்து 30 பேர். காங்கிரஸ் என்பது 1940-க்கு முந்தைய குடியரசின் குடிமக்களும் அவர்கள் வாரிசுகளும் மட்டும் வாக்களித்து அமைத்த அமைப்பு. மன்றம் சோவியத் சட்டப்படி வந்தது, காங்கிரஸ் பழைய குடியரசின் தொடர்ச்சியைப் பேசியது; இரண்டும் ஒன்றின் உரிமையை மற்றொன்று ஒப்பாமல் இருந்தவை. சரிபாதி இடம் என்பதே அந்தப் பிணக்கை ஆற்றிய ஏற்பாடு.

பெரிய விவாதம் குடியரசுத் தலைவரின் அதிகாரம் பற்றியது. வலுவான தலைவர் கையில் 1930-களில் நாடு பட்ட அனுபவம் நினைவில் இருந்தது. நாடாளுமன்றத்துக்கே முதலிடம் என்று முடிவானது. ரீகிகோகு என்ற அந்த நாடாளுமன்றத்தில் 101 இடங்கள்.

ஜூன் 28-ல் வாக்கெடுப்பு, பணம் மாறி எட்டாம் நாள். வாக்களித்தோரில் ஏறத்தாழ 92 சதவீதத்தினர் ஏற்றார்கள். ஜூலை 3-ல் நடைமுறைக்கு வந்தது.

அதே நாளில் இரண்டாவது கேள்வி ஒன்றும் கேட்கப்பட்டதாமே?

ஆம், அந்த ஆண்டின் மிகக் கடினமான கேள்வியும் அதுதான். குடியுரிமைக்கு 1992 ஜூன் 5-க்குள் விண்ணப்பித்தவர்களும் வரும் தேர்தலில் வாக்களிக்கலாமா என்று கேட்டார்கள். வாக்களித்தோரில் சுமார் 53 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள்.

பின்னணி இது. பிப்ரவரி 26-ல் 1938-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதன்படி 1940 ஜூன் 16-ல் குடிமக்களாக இருந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் இயல்பாகவே குடிமக்கள். எந்த இனம் என்ற கேள்வி இல்லை. சோவியத் காலத்தில் குடியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் விண்ணப்பித்துப் பெற வேண்டும். இரண்டு ஆண்டு வசிப்பு, அது 1990 மார்ச் 30 முதல் கணக்கு. அதன்மேல் ஓராண்டுக் காத்திருப்பு. எஸ்தோனிய மொழி அறிவு. கூட்டிப் பார்த்தால் 1993 மார்ச்சுக்கு முன் யாருக்கும் கிடைக்க வழியில்லை, ஆகவே 1992 தேர்தல் கைவிட்டுப் போனது.

வசித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இப்படி வெளியே நின்றார்கள். பெரும்பாலோர் ரஷ்ய மொழி பேசுவோர். ரஷ்ய எல்லையில் உள்ள நார்வா நகரில் அவர்கள்தான் பெரும்பான்மை. ஆக்கிரமிப்புக் காலக் குடியேற்றத்தைச் சட்டப்படி செல்லாது என்று கருதிய நாட்டின் தர்க்கம் ஒரு புறம். அங்கேயே பிறந்து வளர்ந்து, சொந்த ஊரில் வாக்கில்லாமல் நின்றவரின் நிலை மறுபுறம். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது அந்த ஆண்டைப் பாதியாகச் சொல்வது. புது அரசியலமைப்பு ஒரு கதவைத் திறந்தே வைத்தது: நிரந்தரமாக வசிப்பவர்கள் குடிமக்கள் இல்லாவிட்டாலும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்றது (2025-ல் இந்த விதி திருத்தப்பட்டது). 1993-ல் அப்படியே வாக்களித்தார்கள்.

தேர்தல் முடிவு என்ன? அதிக வாக்கு வாங்கியவர் ஏன் குடியரசுத் தலைவர் ஆகவில்லை?

செப்டம்பர் 20-ல் இரண்டு தேர்தலும் சேர்ந்து நடந்தன. ரீகிகோகுவில் இசமா (தாயகம்) கூட்டணிக்கு 29 இடம், பாதுகாப்பான வீடு என்ற அணிக்கு 17, மக்கள் முன்னணிக்கு 15, மிதவாதிகளுக்கு 12, எஸ்தோனியத் தேசியச் சுதந்திரக் கட்சிக்கு 10. முடியாட்சி வேண்டும் என்ற அணிக்கும் 8 இடம் கிடைத்தது.

குடியரசுத் தலைவரை ரீகிகோகு தேர்ந்தெடுப்பதே அரசியலமைப்பின் முறை. முதல் தடவை மட்டும் விதிவிலக்கு: முதலில் மக்கள் வாக்கு, யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை என்றால் முதல் இருவரில் ஒருவரை ரீகிகோகு தேர்ந்தெடுக்கும். உச்ச மன்றத் தலைவராக இருந்த அர்னோல்ட் ரூட்டெல் ஏறத்தாழ 42 சதவீதம் பெற்றார். முன்னாள் வெளியுறவு அமைச்சர் லென்னார்ட் மெரி 30-ஐ ஒட்டி வந்தார். பாதி யாருக்கும் இல்லை. அக்டோபர் 5-ல் ரீகிகோகுவில் மெரிக்கு 59 வாக்கு, ரூட்டெலுக்கு 31. மெரி 1941-ல் சிறுவனாகக் குடும்பத்தோடு சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். ரூட்டெல் பின்னாளில், 2001-ல், அதே பதவிக்கு வந்தார்.

அக்டோபர் 8-ல், வெளிநாட்டில் இருந்தபடி பழைய குடியரசின் தொடர்ச்சியைக் காத்துவந்த அரசின் தலைவர் ஹெயின்ரிக் மார்க் தம் பொறுப்பை மெரியிடம் ஒப்படைத்தார். அதே மாதம் 21-ல் மார்ட் லார் பிரதமரானார், வயது 32. இசமா, சுதந்திரக் கட்சி, மிதவாதிகள் மூன்றும் சேர்ந்து 51 இடம். 101-ல் ஒன்று குறைந்தாலும் பெரும்பான்மை போய்விடும்.

நவம்பரில் வங்கிகள் ஏன் முடங்கின?

நவம்பர் 17-ல் மூன்று வங்கிகளின் கொடுக்கல் வாங்கலை ஈஸ்தி பாங்க் நிறுத்தியது: தார்த்து வணிக வங்கி, வட எஸ்தோனிய வங்கி, பால்டிக் ஐக்கிய வங்கி. நாட்டின் மொத்தப் பணத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் இவற்றில் சிக்கியது.

நோய் ஒன்றே போலத் தெரிந்தாலும் காரணம் இரண்டு. பின்னிரண்டு வங்கிகளின் பணம் மாஸ்கோவின் வெளிநாட்டுப் பொருளாதார வங்கியில் இருந்து, அங்கேயே முடக்கப்பட்டுவிட்டது. ஏட்டில் சொத்து, கையில் காசில்லை. தார்த்து வங்கியின் சிக்கல் வேறு: 1988-ல் தொடங்கி வேகமாக வளர்ந்து, திரும்பி வராத கடன்களைக் கொடுத்திருந்தது. ரூபிள் காலத்தில் பணவீக்கம் கடனை அரித்துவிடும் என்பதால் மோசமான கடன் வெளியே தெரியாது. நிலையான நாணயம் வந்ததும் அந்தத் திரை விலகியது.

வழக்கமான மத்திய வங்கி புதுப் பணம் அச்சடித்துக் கைகொடுக்கும். இங்கே அதற்கு வழியில்லை என்று மேலே பார்த்தோம். தார்த்து வங்கி கலைக்கப்பட்டது, பணம் போட்டவர்கள் இழந்தார்கள். மற்ற இரண்டையும் ஒன்றாக்கினார்கள். மாஸ்கோவில் முடங்கிய தொகையைத் தனி நிதியாகப் பிரித்தார்கள். க்ரோன் பிறந்து ஐந்தே மாதத்தில் வந்த சோதனை இது. விகிதம் அசையவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் வைப்பாளர்கள்.

பார்சிலோனா ஒலிம்பிக்கில் கொடி தலைகீழாக ஏறியது உண்மையா?

உண்மை. சைக்கிள் ஓட்டும் வீராங்கனை எரிகா சலுமே விரைவோட்டப் பந்தயத்தில் தங்கம் வென்றார். 1988-ல் சோவியத் அணிக்காக வென்ற அதே பந்தயம். இம்முறை சொந்த நாட்டுக்காக. எஸ்தோனியக் கொடி மேலிருந்து நீலம், கறுப்பு, வெள்ளை. அன்று கம்பத்தில் ஏறியது மேலே வெள்ளை, கீழே நீலம். அரை நூற்றாண்டு தடை செய்யப்பட்டிருந்த கொடி, ஏற்றுபவர்களுக்குப் பழக்கமில்லை. கொடிக்கம்பத்துக்குக் கீழே நின்ற சலுமேயின் கழுத்தில் தங்கம் இருந்தது, எஸ்தோனியர்கள் பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பது அதைத்தான்.

க்ரோன் தாள்களில் யார் யார் இருந்தார்கள்? சிலவற்றில் 1991 என்று இருப்பது ஏன்?

5-ல் சதுரங்க வீரர் பால் கெரெஸ், பின்புறம் நார்வா கோட்டை. 10-ல் நாட்டார் வழக்காறுகளைத் தொகுத்த யாகோப் ஹுர்ட், பின்புறம் ஒரு முதிய ஓக் மரம். 100-ல் கவிஞர் லிதியா கொய்துலா. க்ரோன் தாள்களில் இருந்த ஒரே பெண். 500-ல் எழுத்தாளர் கார்ல் ராபர்ட் யாகப்சன், பின்புறம் நாட்டின் பறவையான தகைவிலான். ஆட்சியாளர் ஒருவர் முகமும் இல்லை. 1, 2 க்ரோன் தாள்களில் 1992 என்றும் மற்ற முதல் தாள்களில் 1991 என்றும் ஆண்டு இருக்கும். பழைய தேதியுள்ள தாள் போலி அல்ல. அச்சுக்கு ஆணையிட்ட பின் புழக்கத்துக்கு வர ஆன இடைவெளிதான் அது.

இப்போதும் கையில் க்ரோன் இருந்தால் மாற்ற முடியுமா?

முடியும். தலைநகர் தாலினில் உள்ள ஈஸ்தி பாங்க் கால வரம்போ அளவு வரம்போ இல்லாமல் க்ரோனை யூரோவாக மாற்றித் தருகிறது. 100 க்ரோனுக்கு 6.39 யூரோ, 500-க்கு 31.96. கிழிந்த தாள் என்றால் எவ்வளவு பகுதி மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பார்கள், துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். 1991 தேதியுள்ள 500 நல்ல நிலையில் இருந்தால், மாற்றுவதற்கு முன் நாணயச் சேகரிப்பாளர் ஒருவரிடம் விலை கேட்டுவிடுங்கள்.